கம்பியின் பருமனும் மின்சார ஓட்டமும்: சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

கிணற்றுக்கு மோட்டார் வைக்கக் கடன் கேட்டு நமது சங்கங்களுக்கு வரும் மனுக்களில் மோட்டாரின் விலை, பம்பின் விலை, குழாயின் விலை ஆகியவை தனித்தனியே விவரமாக எழுதப்பட்டிருக்கும். கம்பிக்கு மாத்திரம் ‘வயர் முதலிய சில்லறைச் செலவு’ என்று ஒரே வரி இருக்கும். அந்தச் சில்லறைச் செலவில் மிச்சம் பிடித்ததனால் மோட்டார் சுருள் எரிந்து, வாழை வாடி, தவணை தவறி, கடைசியில் ஜாமீன் நின்றவர் பணம் கட்டும்படி நேர்ந்தால் அதைச் சில்லறை விஷயம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகையால் கம்பியின் பருமனுக்கும் அதில் ஓடும் மின்சாரத்திற்கும் உள்ள சம்பந்தம் யாது என்பதை ஒவ்வோர் அங்கத்தினரும் அறிந்திருப்பது நலம். இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர்கள் யாவரும் இப்பாடத்தை விளங்கிக்கொள்ளலாம்.

1. ஓட்டம் என்பது யாது?

வாய்க்காலில் ஓடும் தண்ணீரை அளப்பது நமக்குப் பழக்கமான காரியம். பேச்சிப்பாறை அணை 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிந்ததிலிருந்து, கோதையாற்றுத் தண்ணீர் பல கால்வாய்களாகப் பிரிந்து நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்ந்து வருகிறது. ஒரு கால்வாயில் ஒரு விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் செல்கிறது என்று அறிய வேண்டுமானால், இரண்டு அளவுகள் தேவை. முதலாவது, கால்வாயின் குறுக்கு வெட்டுப் பரப்பு. அஃதாவது அகலத்தை ஆழத்தால் பெருக்கி வருவது. இரண்டாவது, தண்ணீர் செல்லும் வேகம். இவ்விரண்டையும் பெருக்கினால் வருவதே ஓட்டத்தின் அளவு. அகன்ற கால்வாயில் தண்ணீர் மெதுவாக அசைந்து சென்றாலும் வயலுக்குப் போய்ச் சேரும் தண்ணீர் அதிகமாக இருக்கும். குறுகிய ஓடையில் துள்ளிக்கொண்டு ஓடினாலும் சேரும் தண்ணீர் கொஞ்சமாகவே இருக்கும்.

மின்சார ஓட்டமும் இவ்வாறே. செம்புக் கம்பிக்குள் ஓடுவது தண்ணீர் அன்று. எலக்ட்ரான் என்னும் மிக நுண்ணிய மின் துகள்கள். ஆங்கில விஞ்ஞானி ஜே.ஜே. தாம்சன் 1897-ஆம் ஆண்டில் இத்துகள்களைப் பரிசோதனை மூலம் நிரூபித்தார். செம்பின் ஒவ்வோர் அணுவும் ஏறக்குறைய ஒரு எலக்ட்ரானைத் தன் பிடியிலிருந்து விட்டுவிடுகிறது. இவ்வாறு விடுபட்ட எலக்ட்ரான்கள் கம்பி முழுவதும் நிரம்பியிருக்கின்றன. கம்பி ஒருபோதும் வெறுங்கம்பி அன்று. மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும், கடையில் சுருளாகத் தொங்கும்போதும், அதற்குள் எலக்ட்ரான்கள் நிறைந்தே இருக்கின்றன. மின் அழுத்தம் கொடுக்கும்போது அவை யாவும் ஒரே திசையில் நகர ஆரம்பிக்கின்றன. அந்த நகர்ச்சியையே ஓட்டம் என்கிறோம்.

ஆகையால் மின்சார ஓட்டத்தின் அளவைக் கண்டுபிடிக்க நான்கு இலக்கங்களைப் பெருக்கவேண்டும்: ஒரு கன அளவு உலோகத்தில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை, கம்பியின் குறுக்கு வெட்டுப் பரப்பு, எலக்ட்ரான் நகரும் வேகம், ஒவ்வோர் எலக்ட்ரானும் சுமக்கும் மின்சாரம். முதலாவதும் நான்காவதும் இயற்கை வகுத்தவை. செம்புக் கம்பி என்றால் அவை மாறுவதில்லை. நம் கைக்கு எட்டுவன பரப்பும் வேகமும் மாத்திரமே.

2. எலக்ட்ரான் எவ்வளவு வேகமாகச் செல்கிறது?

விசையைத் தட்டியவுடன் விளக்கு எரிகிறது. அதனால் எலக்ட்ரான்கள் மின்னலைப் போலப் பாய்ந்து வருகின்றன என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். உண்மை இதற்கு நேர் விரோதமானது. கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு கன மில்லிமீட்டர் செம்பில், அஃதாவது ஒரு கடுகைக் காட்டிலும் சிறிய துண்டில், ஏறக்குறைய எட்டரை லட்சம் கோடி கோடி எலக்ட்ரான்கள் விடுபட்ட நிலையில் இருக்கின்றன. ஓர் ஆம்பியர் ஓட்டம் என்றால், ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 62,400 கோடி கோடி எலக்ட்ரான்கள் ஓர் இடத்தைக் கடக்கின்றன என்று பொருள். ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள கம்பியில் ஓர் ஆம்பியர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பியில் ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் எட்டரை லட்சம் கோடி கோடி எலக்ட்ரான்கள் இருக்கின்றன. கடக்கவேண்டியவையோ 62,400 கோடி கோடி. ஆகவே 62,400-ஐ 8,50,000-ஆல் வகுத்தால் 0.073 வருகிறது. எலக்ட்ரான் கூட்டம் ஒரு விநாடியில் நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் சற்றேறக்குறைய பதினான்கில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கில் ஒரு மீட்டர் தூரம் செல்ல மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். நத்தை இதைவிட எத்தனையோ மடங்கு வேகமாகச் செல்லும்.

இத்தனை மெதுவாக நகர்வதற்குக் காரணம் உண்டு. எலக்ட்ரான்கள் சும்மா இருப்பவை அல்ல. அழுத்தம் இல்லாதபோதும் செம்புக்குள் அவை விநாடிக்கு ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் வேகத்தில் எல்லாத் திசைகளிலும் தாறுமாறாகத் திரிகின்றன. ஆயினும் ஒரு திசையில் போவனவும் எதிர்த் திசையில் போவனவும் சமமாக இருப்பதால் நிகர ஓட்டம் ஏற்படுவதில்லை. அழுத்தம் கொடுத்தவுடன் அந்தத் திரிதலின் மேல் ஒரு சிறு சாய்வு உண்டாகிறது. செம்பு அணுக்களின் அதிர்வினாலும் உலோகத்திலுள்ள மாசுகளாலும் எலக்ட்ரான்கள் அடிக்கடி மோதித் திசை மாறுகின்றன, மறுபடி கொஞ்சம் முன்னேறுகின்றன, மறுபடி மோதுகின்றன. மார்த்தாண்டம் சந்தைக் கூட்டத்திற்குள் குறுக்கும் நெடுக்கும் நடமாடும் ஜனங்கள் மொத்தத்தில் மெல்ல ஒரு வாசலை நோக்கி ஒதுங்குவதைப் போன்றது இது. இவ்வாறு ஒதுங்கும் வேகத்தையே நகர்வு வேகம் என்கிறோம். மோதும்போது எலக்ட்ரான் இழக்கும் சக்தி கம்பியில் சூடாக மாறுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் இதுவே முக்கியமாக வரும்.

3. அப்படியாயின் விளக்கு உடனே எரிவது எப்படி?

நீண்ட குழாய் ஒன்றில் தண்ணீர் முழுவதும் நிரம்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முனையில் திருகைத் திறந்தால் மறு முனையில் உடனே தண்ணீர் சொட்டும். தொட்டியிலிருந்து அந்தத் துளி ஓடிவந்ததாக யாரும் எண்ணுவதில்லை. முனையில் ஏற்கனவே இருந்த துளி தள்ளப்பட்டு வெளியே வந்தது. கம்பியிலும் அவ்வாறே. விசையைத் தட்டியவுடன் ‘நகர்க’ என்னும் உத்தரவு கம்பி நெடுகிலும் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் செல்கிறது. ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்வது. 30 கிலோமீட்டர் தூரத்திற்கு அந்த உத்தரவு போய்ச் சேர விநாடியில் பதினாயிரத்தில் ஒரு பங்கு போதும். அந்தக் கணமே விளக்கில் உள்ள எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலிருந்தே நகர ஆரம்பிக்கின்றன.

இன்னொரு விஷயமும் உண்டு. நம் வீடுகளுக்கு வருவது மாறு மின்சாரம். அது ஒரு விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறது. ஆதலால் எலக்ட்ரான் சிறிது முன்னே சென்று, சிறிது பின்னே வந்து, இருந்த இடத்திலேயே ஊசலாடுகிறது. சாதாரண வீட்டுக் கம்பியில் அந்த ஊசலாட்டத்தின் அகலம் தலைமயிரின் பருமனில் பல பத்துகளில் ஒரு பங்குதான். 1970-ஆம் ஆண்டையொட்டி இயங்கத் தொடங்கிய கோதையாறு மின் நிலையத்திலிருந்து ஓர் எலக்ட்ரானாவது சிதறால் வீட்டு விளக்குக்கு வந்து சேர்ந்ததில்லை. வந்து சேர்வது சக்தி, துகள் அன்று. அரக்கு மரத்தை அறுக்கும் இருவர் வாளை முன்னும் பின்னும் இழுக்கிறார்கள். வாள் ஊர் விட்டு ஊர் போவதில்லை. ஆயினும் மரம் அறுபடுகிறது. இதுவும் அத்தகையதே.

4. மெல்லிய கம்பியில் எலக்ட்ரான் வேகமாகப் போகுமா?

சங்கக் கூட்டங்களில் இதைப்பற்றிப் பேச்சு வரும்போது, புத்திக்கூர்மையுள்ள அங்கத்தினர்கள் சிலர் ஒரு நல்ல ஆட்சேபம் எழுப்புவதுண்டு. ‘வாய்க்கால் குறுகினால் தண்ணீர் வேகமாக ஓடுகிறது. ஆகவே மெல்லிய கம்பியிலும் எலக்ட்ரான் வேகமாக ஓடித்தானே தீரவேண்டும்? வேகம் கூடுவதால் பருமன் குறைந்தது சரிக்கட்டப்பட்டுவிடாதா? பின் எதற்காகத் தடித்த கம்பிக்குப் பணம் செலவழிக்கவேண்டும்?’ என்பது அவர்கள் கேள்வி. இதற்கு விடை சொல்வதற்கு முன் இரண்டு நிலைமைகளைப் பிரித்தறிய வேண்டும். இவற்றை ஒன்றாகக் குழப்புவதனாலேயே சந்தேகம் உண்டாகிறது.

முதல் நிலைமை: கம்பியின் இரு முனைகளிலும் ஒரே அழுத்தம் கொடுப்பது. பத்து மீட்டர் நீளமுள்ள இரண்டு செம்புக் கம்பிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1 சதுர மில்லிமீட்டர். மற்றொன்று 4 சதுர மில்லிமீட்டர். இரண்டுக்கும் தனித்தனியே முனைக்கு முனை 1 வோல்ட் அழுத்தம் கொடுக்கிறோம். எலக்ட்ரானைத் தள்ளுவது ஒரு மீட்டர் நீளத்திற்கு எத்தனை வோல்ட் என்பதே. அது இரண்டிலும் சமம். அதைத் தடுக்கும் மோதல்களும் இரண்டிலும் ஒரே மாதிரியே. ஆகவே நகர்வு வேகமும் இரண்டிலும் ஒன்றே. ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 0.43 மில்லிமீட்டர். கம்பி மெலிந்தது என்பதற்காக எலக்ட்ரான் அவசரப்படுவதில்லை. அதற்குக் கம்பியின் ஓரம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. ஆயினும் தடித்த கம்பியில் நான்கு மடங்கு எலக்ட்ரான்கள் பக்கம் பக்கமாக நகர்கின்றன. ஆதலால் மெல்லிய கம்பியில் 5.8 ஆம்பியரும், தடித்த கம்பியில் 23 ஆம்பியரும் ஓடும். வேகம் சமம், ஓட்டம் நான்கு மடங்கு. ஜெர்மானிய ஆசிரியர் ஜார்ஜ் ஓம் என்பவர் 1827-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதியின் உட்கருத்தும் இதுவே: பரப்பு கூடினால் தடை குறையும், நீளம் கூடினால் தடை கூடும், தடை குறைந்தால் அதே அழுத்தத்தில் ஓட்டம் கூடும்.

இரண்டாம் நிலைமை: ஒரே ஓட்டம் தடித்த கம்பியிலும் மெல்லிய கம்பியிலும் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது. வாய்க்கால் குறுகுவதை இதற்குத்தான் ஒப்பிடவேண்டும். ஒரு விநாடிக்கு எத்தனை எலக்ட்ரான்கள் தடித்த பாகத்தை விட்டு வெளியேறுகின்றனவோ, அத்தனையும் மெல்லிய பாகத்திற்குள் புகுந்து செல்லவேண்டும். நடுவில் தேங்கி நிற்க இடமில்லை. ஆகையால் பரப்பு நான்கில் ஒன்றாகக் குறைந்த இடத்தில் வேகம் நான்கு மடங்காகிறது. ஆனால் இந்த வேகம் சும்மா கிடைப்பதன்று. வாய்க்காலில் தண்ணீர் வேகமெடுக்கப் பள்ளம் வேண்டும். அதுபோலவே எலக்ட்ரானை நான்கு மடங்கு வேகத்தில் தள்ள, அந்த இடத்தில் மீட்டருக்கு நான்கு மடங்கு வோல்ட் செலவாகவேண்டும். அந்த வோல்ட் மோட்டாருக்குப் போகவேண்டிய வோல்ட்டிலிருந்துதான் கழிகிறது. கழிந்தது எங்கே போகிறது? மோதல்களின் வழியாகக் கம்பியின் சூடாகப் போகிறது.

ஆகவே ஆட்சேபத்திற்கு விடை யாதெனில்: மெல்லிய கம்பியில் எலக்ட்ரான் வேகமாகப் போவதுண்டு, ஆனால் அந்த வேகத்திற்கு விலை கொடுப்பவர் நாமே.

5. ஒரு கிணற்றின் கணக்கு

சிதறால் மலையடிவாரத்தைச் சுற்றிய நிலம் மேடும் பள்ளமுமானது என்பது அங்கத்தினர்களுக்குத் தெரியும். வீடு மேட்டிலும், வாழையும் ரப்பரும் உள்ள விளை சரிவிலும், கிணறு ஏலாவை ஒட்டிய பள்ளத்திலும் இருப்பது சகஜம். மீட்டர்ப் பெட்டி மேலே, மோட்டார் கீழே. இடையில் 100 மீட்டர் தூரம் இருப்பதாகக் கொள்வோம். ஒற்றை மின்தடத்தில் ஓடும் ஒரு குதிரைசக்தி மோட்டார். அழுத்தம் 230 வோல்ட். ஓடும்போது இழுக்கும் ஓட்டம் சுமார் 7 ஆம்பியர். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்த்து நீளம் 200 மீட்டர் என்பதை மறக்கலாகாது. பலர் 100 மீட்டருக்கு மாத்திரம் கணக்கிட்டு, பாதி நஷ்டத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

செம்புக் கம்பி மூன்று விதமாகப் போட்டுப் பார்ப்போம்.

1 சதுர மில்லிமீட்டர்: தடை 3.4 ஓம், கம்பியில் கழியும் அழுத்தம் 24 வோல்ட், கம்பி சூடாவதில் வீணாகும் சக்தி ஏறக்குறைய 170 வாட், எலக்ட்ரான் வேகம் விநாடிக்கு 0.51 மில்லிமீட்டர்.

2.5 சதுர மில்லிமீட்டர்: தடை 1.4 ஓம், கழியும் அழுத்தம் ஏறக்குறைய 10 வோல்ட், வீணாவது 67 வாட், வேகம் 0.21 மில்லிமீட்டர்.

4 சதுர மில்லிமீட்டர்: தடை 0.86 ஓம், கழியும் அழுத்தம் 6 வோல்ட், வீணாவது 42 வாட், வேகம் 0.13 மில்லிமீட்டர்.

முதற் கம்பியில் எலக்ட்ரான் நான்கு மடங்கு வேகமாக ஓடுகிறது. அந்தப் பெருமைக்காக நாம் நான்கு மடங்கு சக்தியை இழக்கிறோம். ஆண்டுக்கு ஆயிரம் மணி நேரம் மோட்டார் ஓடினால், முதற் கம்பிக்கும் மூன்றாம் கம்பிக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 127 யூனிட். தமிழ்நாட்டில் 1990-ஆம் ஆண்டு முதல் விவசாய பம்புகளுக்குக் கட்டணமில்லாமல் மின்சாரம் கொடுக்கப்பட்டு வருவதால், ‘யூனிட் வீணானால் நமக்கென்ன?’ என்று சிலர் நினைக்கலாம். பொதுச் சொத்து வீணாவதும் நஷ்டமே என்பது ஒருபுறமிருக்க, மோட்டாருக்கு வரும் கேட்டை எந்தச் சலுகையும் தடுக்காது. அதை இனிக் கவனிப்போம்.

மோட்டார் கிளம்பும் சமயத்தில் ஓடும்போது இழுப்பதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு ஓட்டம் இழுக்கும் தன்மையுடையது. மெல்லிய கம்பியில் இந்தப் பெரிய ஓட்டம் செல்ல முயலும்போது அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு கம்பியிலேயே கழிந்து, மோட்டார் முனையில் சுமார் 150 வோல்ட்தான் நிற்கும். மோட்டாரின் கிளம்பும் வலிமை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே 150 வோல்ட்டில் அது முழு வலிமையில் பாதிகூட இராது. 4 சதுர மில்லிமீட்டர்க் கம்பியானால் மோட்டார் முனையில் 200 வோல்ட்டுக்குக் குறையாது. வலிமையில் நாலில் மூன்று பங்குக்கு மேல் கிடைக்கும். சாயங்காலத்தில் ஊரெல்லாம் விளக்கேற்றி, வரும் அழுத்தமே குறைந்திருக்கும் வேளையில், மெல்லிய கம்பியுள்ள மோட்டார் சுழலாமல் உறுமிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுவே. அவ்வாறு உறுமி நிற்கும் மோட்டாரில் பெரிய ஓட்டம் குறையாமல் செல்வதால் சில நிமிஷங்களில் சுருள் கருகிவிடும்.

எப்படியோ கிளம்பிவிட்டாலும் ஆபத்து தீர்ந்ததில்லை. பம்பு தூக்கவேண்டிய தண்ணீர் குறைவதில்லை, அழுத்தமோ குறைவு. ஆகவே அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஓட்டம் இழுக்கிறது. ஓட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் சுருளின் சூடு ஐந்தில் ஒரு பங்கு கூடும். அதிக ஓட்டத்தால் கம்பியில் கழியும் அழுத்தமும் கூடும். அதனால் மோட்டார் இன்னும் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். கடன் வட்டி வட்டிக்கு வட்டியாகப் பெருகுவதைப் போல இந்தத் தீங்கும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்வது.

6. பியூஸும் முறுக்கிய இணைப்பும்

மெல்லிய பாகத்தில் எலக்ட்ரான் வேகமெடுத்துச் சூடாக்கும் என்ற உண்மையை நல்லதற்கும் பயன்படுத்தலாம். பியூஸ் என்பது அதுவே. தடித்த கம்பிகளின் நடுவில் வேண்டுமென்றே ஒரு சிறு மெல்லிய கம்பியை வைக்கிறோம். ஓட்டம் அளவு கடந்தால் அந்த இடமே முதலில் சூடேறி உருகி, வழியை அறுத்துவிடுகிறது. வீட்டையும் மோட்டாரையும் காப்பதற்காகத் தன்னைக் கொடுக்கும் காவற்காரன் அது. ‘பியூஸ் அடிக்கடி போகிறது’ என்று சலித்து, தடித்த கம்பித் துண்டை அதில் கட்டுகிறவர்கள், காவற்காரனைத் தூங்கவைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டவர்கள் ஆவார்கள். பியூஸ் போனபின் உருகுவது மெல்லிய துண்டு. பியூஸ் போகாவிட்டால் உருகுவது சுவருக்குள் இருக்கும் கம்பியின் உறை.

அதே உண்மை கெடுதலாக வருமிடமும் உண்டு. இரண்டு கம்பிகளை முறுக்கிச் சேர்த்து நாடா சுற்றிவிடும் வழக்கம் நம்மிடம் அதிகம். பார்வைக்குத் தடிப்பாகத் தோன்றினாலும், உலோகம் உலோகத்தைத் தொடும் இடம் ஊசிமுனை அளவே இருக்கலாம். முழு ஓட்டமும் அந்த ஊசிமுனை வழியாக நெருங்கிச் செல்லவேண்டும். அங்கே வேகம் பன்மடங்காகி, சூடும் பன்மடங்காகிறது. சூட்டினால் செம்பின் மேற்பரப்பு கறுத்து, தொடுமிடம் இன்னும் குறுகுகிறது. மழைக்காலத்தில் விளைகளின் வழியாகச் செல்லும் கம்பிகளில் இத்தகைய இணைப்பு ஒன்றுகூட இருக்கலாகாது. இணைப்பு தவிர்க்க முடியாததாயின், திருகு வைத்த இணைப்புப் பெட்டியில், நனையாத இடத்தில், இறுக்கமாக அமையவேண்டும்.

7. மின்சார இலாகா என்ன செய்கிறது?

மலையில் உற்பத்தியாகும் சக்தியை எத்தனையோ மைல் தூரம் கொண்டுவரும் இலாகாவுக்கும் இதே கஷ்டம் உண்டு. அவர்கள் கம்பியைப் பனைமரப் பருமனாகப் போட முடியாது. ஆகையால் வேறொரு வழியைக் கையாளுகிறார்கள். சக்தி என்பது அழுத்தத்தையும் ஓட்டத்தையும் பெருக்கி வருவது. அழுத்தத்தை 100 மடங்கு உயர்த்தினால், அதே சக்தியைக் கொண்டுசெல்ல நூறில் ஒரு பங்கு ஓட்டம் போதும். ஓட்டம் நூறில் ஒன்றானால் அதே கம்பியில் வீணாகும் சக்தி பதினாயிரத்தில் ஒன்றாகிறது. 1,10,000 வோல்ட், 11,000 வோல்ட் என்று உயர்ந்த அழுத்தத்தில் தூரத்தைக் கடந்து, ஊருக்கு அருகில் டிரான்ஸ்பார்மர் வைத்து 230 வோல்ட்டாக இறக்கிக் கொடுப்பதன் காரணம் இதுவே. டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைசியிலுள்ள வீடுகளில் விளக்கு மங்கலாயிருப்பதன் காரணமும் இப்போது தானே விளங்கும்.

தூரக் கம்பிகளில் பெரும்பாலும் அலுமினியம் வழங்குகிறது. அலுமினியத்தின் தடை செம்பைப் போல 1.6 மடங்கு. ஆனால் அதன் எடை மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டவே இருப்பதால், 1.6 மடங்கு பருமனாகப் போட்டாலும் எடை செம்பில் பாதிதான் ஆகும். கிணற்றுக்கு அலுமினியக் கம்பி போடுவோர் இந்த 1.6 என்னும் எண்ணை மனத்தில் வைக்கவேண்டும். 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வேண்டிய இடத்தில் அலுமினியமானால் ஆறரைக்குக் குறையாமல் வேண்டும். இரும்புக் கம்பியோ செம்பைப் போல ஏறக்குறைய ஆறு மடங்கு தடையுள்ளது. ஒரே வாயுள்ள பாத்திரத்திலிருந்து தண்ணீரையும் மார்த்தாண்டத்துத் தேனையும் ஊற்றினால் எப்படி வேறுபடுகிறதோ, அப்படியே உலோகங்களும் வேறுபடுகின்றன.

8. அங்கத்தினர்கள் கவனிக்கவேண்டியவை

முதலாவது, கம்பி வாங்கும்போது மேலுறையின் தடிப்பைப் பார்த்து மயங்கவேண்டாம். மின்சாரம் செல்வது உள்ளிருக்கும் உலோகத்தில். உறையில் அச்சிட்ட சதுர மில்லிமீட்டர் எண்ணையே பார்க்கவேண்டும்.

இரண்டாவது, ‘கேஜ்’ எண் சொல்லி விற்கும் இடங்களில் எண் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பதை அறியவேண்டும். 14-ஆம் கேஜ் கம்பியின் விட்டம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். 20-ஆம் கேஜ் 0.9 மில்லிமீட்டர். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஆகவே பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் வித்தியாசம் ஓட்டத்தில் பெரிது.

மூன்றாவது, தூரம் இரட்டித்தால் கம்பியின் பரப்பும் இரட்டிக்கவேண்டும். அடுத்த விளைக்காரர் போட்ட கம்பியைப் பார்த்து அதே அளவு போடுவது சரியன்று. அவருடைய கிணறு 40 மீட்டரில் இருக்கலாம்.

நான்காவது, மோட்டார் ஓடும்போது மீட்டர்ப் பெட்டியிலும் கிணற்றடியிலும் அழுத்தத்தை அளக்கும்படி உரிமம் பெற்ற மின்வேலைக்காரரைக் கேட்கவேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 வோல்ட்டுக்கு மேற்பட்டால் கம்பி போதாது என்று கொள்ளலாம். நாமே கம்பியைத் தொட்டுச் சூடு பார்க்கும் வழக்கம் உயிருக்கு ஆபத்தானது.

ஐந்தாவது, கடன் மனுவில் கம்பியைத் தனி இனமாகக் காட்டவேண்டும்: தூரம் எத்தனை மீட்டர், மோட்டார் எத்தனை ஆம்பியர், கம்பி எந்த உலோகம், எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று நான்கு விவரங்கள் போதும். பஞ்சாயத்தார் மனுவைப் பரிசீலிக்கும்போது இந்த நான்கையும் கேட்பார்களானால், மோட்டாருக்குக் கொடுத்த கடன் மோட்டார் எரிந்தபின் வசூலிக்கும் கடனாக மாறாமல் காக்கலாம். ஜாமீன் கையெழுத்திடுகிறவர்களும் இதைக் கேட்க உரிமையுடையவர்களே. பல அங்கத்தினர்கள் ஒரே சமயத்தில் கம்பி போடுவதாயின், சங்கத்தின் மூலம் மொத்தமாக வாங்கினால் சரியான அளவுள்ள சரக்கும் நியாயமான விலையும் கிடைக்கும்.

இப்பாடத்தில் நமக்கு மனத்தில் பதியவேண்டியது ஒன்று. ஒரு மணி நேரத்தில் ஒரு மீட்டர்கூட நகராத துகள்கள் கிணற்றுத் தண்ணீரைக் குன்றின்மேல் ஏற்றுகின்றன. அந்த வலிமை ஒரு துகளின் வேகத்தினால் வந்ததன்று. எண்ணற்றவை ஒரே சமயத்தில் ஒரே திசையில், நெருக்கடியில்லாமல், நகர்வதனால் வந்தது. அவற்றுக்கு வேண்டிய அகலத்தைக் கொடுப்பதே நம் கடமை.

9. மாதக் கூட்டத்தில் விவாதிக்கத் தக்க வினாக்கள்

(1) ஒரே அழுத்தத்தில் கம்பியின் விட்டத்தை இரட்டித்தால் எலக்ட்ரானின் வேகம் என்னவாகும்? ஓட்டம் என்னவாகும்?

(2) 4 சதுர மில்லிமீட்டர்க் கம்பியின் நடுவில் 1 சதுர மில்லிமீட்டர்த் துண்டு ஒரு மீட்டர் நீளத்திற்குச் சேர்ந்திருக்கிறது. எந்த இடத்தில் எலக்ட்ரான் வேகமாகச் செல்லும்? எந்த இடம் அதிகமாகச் சூடேறும்? ஏன்?

(3) மேலே கண்ட மோட்டாரைக் கிணறு 150 மீட்டர் தூரத்திலுள்ள ஓர் அங்கத்தினர் வாங்குகிறார். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் ஓடும்போது எத்தனை வோல்ட் கழியும்? (விடை: ஏறக்குறைய 9 வோல்ட்.)

(4) நமது சங்கத்தில் நிலுவையிலுள்ள மோட்டார்க் கடன்களில் எத்தனைக்குக் கம்பியின் அளவு மனுவில் குறிக்கப்பட்டிருக்கிறது? குறிக்கப்படாதவற்றை இந்த மாதத்திலேயே நேரில் பார்த்து எழுதிக்கொள்வது யார் பொறுப்பு?